கிணற்றுக்குள் கிடந்த காடு

அந்த வருடம் குளத்தில் நீர் போதாதென்று சிறுபோக நெல்லுக்கு வாய்க்கால் திறக்கவில்லை. உருத்திரபுரத்தில் எங்கள் வளவுக் கிணறு வாய்க்கால் ஓடினால் ஊறும், ஓடாவிட்டால் வற்றும். ஆடி முடிவதற்குள்ளேயே வாளி அடிமண்ணைத் தொட்டுச் சேறும் தண்ணீருமாக மேலே வரத் தொடங்கியது. குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறி கொண்டுவருகிற தண்ணீரை வாசல் படலையடியில் இருந்த கறுப்புத் தாங்கியில் நிரப்பி வைத்துக்கொண்டோம்.

நான் அப்போது நன்றாகக் களைத்திருந்தேன். ஒரு நாள் நித்திரையில் தீருகிற களைப்பல்ல. என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஒன்றைவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விடிய அவரை ஓட்டோவில் ஏற்றிவிட்டு நான் பாடசாலைக்குப் போவேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பாடசாலை விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைக் கூட்டிவருவேன். பின்னேரம் ரியூசன் வகுப்பு. வீட்டையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டது என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா. புருசன் இறந்த பிறகு அவா எங்களோடுதான் இருக்கிறா.

இந்த வருத்தம் கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. வைத்தியர்கள் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. எதனால் வந்ததென்று அறிய எனக்கும் ஒரு காலம் வேகம் இருந்தது. பிறகு அதுவும் களைத்துப் போய்விட்டது. அவருக்குக் குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. ஒரு சின்னப் போத்தலில் நிரப்பிக் கொடுப்போம். நாள் முழுக்க அதுதான்.

கிணற்றை ஆழப்படுத்துவதென்று மச்சாள்தான் முடிவெடுத்தா. கிணறு வெட்டுகிறவரை எங்களுக்கு முன்பே தெரியும். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறியவர்கள். யுத்தம் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இந்தக் கிணற்றுக்குள் கூரைத் தகரமும், ஒரு சைக்கிளும், யாருடையதென்று தெரியாத அலுமாரிக் கதவும் கிடந்தன. அவற்றையெல்லாம் இறங்கி எடுத்துத் துப்புரவாக்கித் தந்தவர் அவர். இந்த முறையும் தன் மருமக்கள் இரண்டு பேரைக் கப்பி இழுக்கக் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் மஞ்சள் மண் வந்தது. பிறகு மணல். அதற்குக் கீழே அலவாங்கால் குத்தியபோது மண் கறுத்தது. ஈரமான, வழுவழுப்பான கறுப்புக் களி. அன்று நான் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது படலையடியிலேயே மணம் அடித்தது. அழுகின மணம்தான், ஆனால் செத்த பிராணியின் மணமல்ல. நீண்ட நாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அதுபோல.

சுத்திகரிப்பு முடிந்து வருகிற நாட்களில் அவருக்கு நடக்கவே ஏலாது. மாமரத்துக்குக் கீழே கதிரையில் இருத்திவிட்டு நான் உடுப்பு மாற்றப் போனேன். திரும்பி வர அவர் களிக்குவியலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சை பாரும்," என்றார். "உது பாண் மாதிரிப் பிளக்குது."

கட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திறந்தார். உள்ளே ஒரு இலை இருந்தது.

நான் சொல்வதை நம்பவேண்டும். அது செம்பழுப்பு நிறத்தில், நேற்று விழுந்த இலை போல இருந்தது. நடு நரம்பும், அதிலிருந்து பிரிந்த நரம்புகளும், அவற்றுக்கிடையில் வலைபோல ஓடின நுண் நரம்புகளும் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நிறம் மாறியது. பழுப்பு மங்கி, ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்து, முழுக்கக் கறுத்துவிட்டது. காற்றுப் பட்டதும் அதன் ஆயுள் முடிந்தது போல.

"என்ன நடந்தது?" என்றார் கணவர்.

"இவ்வளவு காலமும் அதுக்குக் காத்துப் படேல்லை," என்றேன்.

கிணறு வெட்டுகிறவர் மேலே ஏறி வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். "கீழ பூரா இப்பிடித்தாங்க டீச்சர்," என்றார். "ஏடு ஏடா வருது. கறுப்பு ஒரு ஏடு, சாம்பல் ஒரு ஏடு. எல, குச்சி, கொட்டை எல்லாம் கெடக்கு."

மச்சாள் குசினி வாசலில் நின்று மூக்கைச் சுளித்தா. "தண்ணி கிடக்கோ எண்டு கேளும்."

"இன்னும் இல்லீங்கம்மா."

கல்லிலும் களியிலும் பதிந்து கிடக்கிற உயிர்ச்சுவடுகளைப் பற்றி நான் எத்தனையோ வருடமாகப் படிப்பிக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு மங்கல் படம் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள். பரீட்சையில் கேட்டால் இரண்டு வரி எழுதுவார்கள். ஒன்றையாவது நான் கையால் தொட்டது இல்லை. அன்று பின்னேர வகுப்பைக் கைவிட்டுவிட்டுக் களிக்கட்டிகளைப் பிளந்துகொண்டிருந்தேன். எங்கள் காட்டு மரங்கள் எனக்குத் தெரியும். பாலை, வீரை, முதிரை. வெயிலுக்குப் பயந்து சின்னதாகவும் தடிப்பாகவும் வைத்திருக்கிற இலைகள். களிக்குள் இருந்தவை அப்படியல்ல. அகலமானவை. பலவற்றின் நுனி வால்போல நீண்டு மெலிந்திருந்தது.

என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த சினேகிதி ஒருத்தி தாவர உயிர்ச்சுவடுகளை ஆராய்கிற விரிவுரையாளர். கனகாலம் கதைக்கவில்லை. கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"எடியே, அந்த இலையின்ரை நுனியைத் திரும்பப் படம் எடுத்து அனுப்பு. மற்றது, ஒண்டையும் காய விடாதை. ஈரச் சாக்காலை மூடு. நான் சனிக்கிழமை வாறன். அதுவரைக்கும் காயக் கூடாது."

சொல்வது அவளுக்குச் சுகம். எங்களிடம் இல்லாத ஒன்றே ஒன்று தண்ணீர்தான்.

சாக்குகளை நனைத்துக் குவியலை மூடினேன். ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தது. திரும்ப நனைத்தேன். உடுப்பு அலம்பின தண்ணீரை ஊற்றினேன். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றப் போனபோது மச்சாள் மறித்தா.

"அது மாட்டுக்கு."

"கொஞ்சம்தான் மச்சாள்."

"மாடு உயிரோடை நிக்குது. உது எப்பவோ செத்தது. உமக்கு என்ன பிடிச்சிருக்கு?"

அவா சொன்னதில் பிழை இல்லை. நான் சட்டியைக் கொடுத்துவிட்டேன். கதிரையில் இருந்த கணவர் தன் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, பக்கத்துச் சாக்கில் கொஞ்சம் ஊற்றினார்.

"எனக்குக் குடிக்கக் கூடாத தண்ணியை இலை குடிக்கட்டும்," என்றார்.

மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போனா. பின்னேரம் மாட்டுக்கொட்டில் கழுவின தண்ணீர் ஒரு வாளி குவியலடியில் இருந்தது. யார் வைத்ததென்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமைவரை, ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் தவிர, கணவர் அந்தக் குவியலை விட்டு அசையவில்லை. உழவு இயந்திரம் ஓட்டிய கை அவருடையது. வருத்தம் வந்த பிறகு சும்மா இருப்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. இப்போது ஒரு தேய்ந்த மேசைக்கத்தியை வைத்துக்கொண்டு ஏடு ஏடாகப் பிரித்தார். நல்லதாக ஒன்று வந்தால் கூப்பிடுவார். நான் ஓடிப் போவதற்குள் பாதி கறுத்துவிடும். காய்ந்த ஏடுகளில் இலை அப்படியே உரிந்து சுருண்டது. அதைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. ஒருமுறை அப்படிப் பறந்த இலையைக் கோழி கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது.

சினேகிதி சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். தலை நரைத்திருந்தது. நானும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருப்பேன். அவள் குவியலடியில் குந்தி, ஏடுகளை லென்சால் பார்த்தாள்.

"இது ஆத்து வண்டல் இல்லை," என்றாள் கடைசியில். "ஓடுற தண்ணி இலையைக் கிழிச்சுப் போடும். இதுகள் முழுசா இருக்குதுகள். அசையாத தண்ணி. ஆழமான ஏரி. அதைச் சுத்திக் காடு."

"என்ன காடு?"

"நுனியைப் பார். மழை வடிஞ்சு போகத்தான் அந்த வால். தெற்கிலை சிங்கராசாக் காட்டுப் பக்கம் போனால் இப்பிடி இலை பார்க்கலாம். இஞ்சை மழைக்காடு இருந்திருக்கு."

"எவ்வளவு காலத்துக்கு முந்தி?" என்று கணவர் கேட்டார்.

"இப்ப சொல்ல மாட்டன் அண்ணா. பிழையாச் சொல்லிப்போடுவன். ஆனால் மனிசரின்ரை கணக்கிலை வராத காலம்."

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தின் திறப்பு என்னிடம் இருந்தது. ஒழுங்காக வேலை செய்கிற நுணுக்குக்காட்டி ஒன்றுதான் அங்கே. ஒரு துளி களியைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் தடவி அவள் முதலில் பார்த்தாள். பிறகு எனக்கு இடம் விட்டாள். பல்லுள்ள சின்னச் சில்லுகள் தெரிந்தன. கண்ணாடிப் படகு போன்ற நீண்ட ஓடுகள் தெரிந்தன. எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"இது அல்கா," என்றேன். "குளத்துத் தண்ணி எடுத்துப் பிள்ளையளுக்குக் காட்டுறனான். இதே அல்கா."

"ஓம். இதே சாதிதான். ஏரி முழுக்கப் பாசி பூத்திருக்கும். பாசி செத்து அடியிலை படியும். அதுக்கு மேலை இலை விழும். அடியிலை பிராணவாயு இல்லை, அழுகவும் இல்லை. அவ்வளவுதான்."

மரங்களெல்லாம் போய்விட்டன. மழை போய்விட்டது. ஏரியும் போய்விட்டது. பாசி மட்டும் இன்றைக்கும் குளத்து ஓரத்தில் மிதக்கிறது. அன்று அது ஆறுதலாகவும் இருக்கவில்லை, துயரமாகவும் இருக்கவில்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் சிக்கல் தொடங்கியது. களி ஏடுகளை ஒழுங்காக அளந்து மாதிரி எடுக்க ஆட்களோடு வர வேண்டும், அதற்கு அனுமதி எடுக்க வேண்டும், ஒரு மாதமாவது வெட்டுவதை நிறுத்தமுடியுமா என்று சினேகிதி கேட்டாள்.

"ஒரு மாசமோ?" என்றா மச்சாள். "நாங்கள் என்னத்தைக் குடிக்கிறது, பிள்ளை?"

கிணறு வெட்டுகிறவர் தலையை ஆட்டினார். "நிப்பாட்ட ஏலாதுங்க. களி ஒரு பக்கம் பிதுங்குது. மேல மணல் வேற. விட்டா இடிஞ்சிரும். மொதல்ல கொங்கிறீட்டு வளையம் எறக்கணும். எறக்கினா அதுக்குப் பின்னால ஒண்ணும் பாக்க முடியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் நான், வீட்டுக்காரி நான், சினேகிதியைக் கூப்பிட்டவளும் நான். எனக்கு யோசிக்கக்கூடச் சக்தியில்லை. ஒரு பக்கம் யாரும் இதுவரை பார்க்காத ஒரு காடு. மற்றப் பக்கம் தண்ணீர், மாடு, ஒன்றைவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி. நான் அழவில்லை. ஆனால் கதிரையில் இருந்துவிட்டேன், எழும்ப மனம் வரவில்லை.

கணவர்தான் கதைத்தார். "வளையம் நாளைக்குப் பின்னேரம் இறக்கட்டும். அதுவரைக்கும் பிள்ளை தனக்கு வேண்டியதை எடுக்கட்டும். அண்ணை, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அந்தப் பக்கத்தை முட்டுக் குடுத்து வைக்க ஏலுமோ?"

"பலகை வச்சு முட்டுக் கொடுக்கலாம் ஐயா. ஆனா ரெண்டு பேருக்கு மேல எறங்கக் கூடாது."

அடுத்த நாள் காலையில் கிணறு வெட்டுகிறவர் ஒரு விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். அது அணையாமல் எரிந்தது. காற்று நல்லது என்று அர்த்தம். சினேகிதி இறங்கினாள். பெட்டிகளைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். நான் இறங்கினேன். சீலையை விட்டுவிட்டுக் கணவருடைய பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டேன். மச்சாள் அதைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டா.

கீழே குளிர்ந்தது. ஆவணி மாதத்து வெயிலில் அப்படி ஒரு குளிரை நான் மறந்தே போயிருந்தேன். சுவர் முழுக்கக் கோடுகள். சாம்பல், கறுப்பு, சாம்பல், கறுப்பு. சாம்பல் மழைவெள்ளம் கொண்டுவந்த மண்ணாக இருக்கலாம், கறுப்பு பாசி படிந்த காலமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒரு சோடி ஒரு வருடமாக இருக்கலாம் என்றாள் சினேகிதி. எல்லாவற்றுக்கும் 'இருக்கலாம்' சேர்த்துத்தான் சொன்னாள். நான் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். நாங்கள் இந்த வளவை விட்டுப் போனதும், வந்ததும், திரும்பப் போனதும், திரும்ப வந்ததும் அந்த விரலின் அகலத்துக்குள் அடங்கிவிடும்போல இருந்தது.

நீளமான தகரப் பெட்டிகளைச் சுவரில் அழுத்தி, பின்னால் கத்தியால் அறுத்து, களித்தூணை அப்படியே எடுத்தோம். பொலித்தீனால் சுற்றி வாளியில் மேலே அனுப்பினோம். வேலை முடிந்து அவள் ஏறிப் போனாள். வாளி எனக்காகத் திரும்ப வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்தக் கொஞ்ச நேரம் நான் கீழே தனியாக, களியில் முதுகைச் சாய்த்து இருந்தேன். மேலே வட்டமாக ஆகாயம். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பி திருத்த இல்லை, மருந்து எடுத்துக் கொடுக்க இல்லை. இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியது. சாக வேண்டும் என்ற எண்ணமல்ல. படிகிற ஒரு பொருளாக, அவசரமில்லாத ஒன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசை. வாளி வந்து என் முழங்காலில் தட்டியது.

"டீச்சர், புடிச்சுக்கங்க. இழுக்கப்போறோம்," என்று மேலிருந்து குரல் வந்தது.

பிடித்துக்கொண்டேன்.

பின்னேரம் வளையங்களை இறக்கினார்கள். இலைகள் இருந்த சுவர் கொங்கிறீட்டுக்குப் பின்னால் மறைந்தது. களியைத் தாண்டி வெட்டியபோது பருமணல் வந்தது, அதோடு தண்ணீரும் வந்தது. மச்சாள் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினா. இரும்புச் சுவை. கழுவலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம், குடிக்க ஏலாது. வெள்ளைத் துணியில் பட்டால் துருக் கறை விழுகிறது. குடிதண்ணீருக்கு இன்றைக்கும் நாங்கள் சந்தியிலுள்ள தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பிளாஸ்டிக் கானோடு போகிறோம்.

மிச்சக் களி பசளையாகும் என்று நினைத்து மச்சாள் வாழையடியில் கொட்டினா. மாரி மழை பெய்ய, வாழை மஞ்சளாகி ஒவ்வொன்றாகச் சரிந்தது. சினேகிதியிடம் கேட்டேன். அந்தக் களியில் கந்தகம் இருக்கும், காற்றும் மழையும் பட்டால் அமிலமாகும், அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டாள். மச்சாள் செத்த வாழைகளை வெட்டி மாட்டுக்குப் போட்டா. ஒன்றும் சொல்லவில்லை. அவா சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்துச் சினேகிதி அழைத்தாள். வழக்கமாகக் காபனை வைத்து வயது அளக்கிற முறைக்கு அந்தக் களி எட்டவில்லை, அந்த முறை எட்டக்கூடிய காலத்துக்கும் அப்பால் அது கிடக்கிறது என்றாள். வேறு வழியில் பார்க்க வேண்டுமாம், அதற்கு இன்னும் காலம் எடுக்குமாம். விடுமுறையில் வந்து இலைகளைப் பிரிக்க உதவுகிறாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். போகவில்லை. விடுமுறை முழுக்க, கிடைத்த நேரத்தில் நித்திரை கொண்டேன். அதற்கு அடுத்த விடுமுறையில் ஒரு நாள், கணவருக்குச் சுத்திகரிப்பு இல்லாத நாளாகப் பார்த்து, அவளுடைய பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போனேன்.

கண்ணாடித் தட்டுகளில், கிளிசரினுக்குள் இலைகள் மிதந்தன. எங்கள் வளவில் கறுத்துப் போனவை அங்கே வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தபோது திரும்பவும் செம்பழுப்பாகத் தெரிந்தன. ஒன்றை அவள் எனக்குக் காட்டினாள். ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு இல்லை.

"எடுக்கேக்கை உடைஞ்சு போச்சோ?" என்றேன்.

"இல்லை. விளிம்பைப் பார், தடிச்சிருக்கு. இலை உயிரோடை இருக்கேக்கை ஏதோ புழு கடிச்சிருக்கு. காயம் ஆறியிருக்கு. பிறகும் கனநாள் மரத்திலை நிண்டுதான் விழுந்திருக்கு."

நான் அந்த இடத்தைக் கனநேரம் பார்த்தேன். மழைக்காடு, ஏரி, காலம் எல்லாம் எனக்குப் பெரிய சொற்கள். இது ஒரு புழு ஒரு காலையில் தின்ற அளவு. அதை என்னால் பிடித்துக்கொள்ள முடிந்தது.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. பஸ்ஸில் நின்றுதான் வந்தேன். கால் கடுத்தது. கணவர் இன்னும் படுக்கவில்லை.

"என்ன சொன்னவா?" என்றார்.

சொன்னேன். புழுக் கடித்த இலையைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப நாங்கள் தண்ணி ஊத்திக் காப்பாத்தினது புழு திண்ட மிச்சத்தையோ," என்றார். வாயைத் திறந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும் களைத்துப் போய்த் தலையணையில் சாய்ந்தார்.

"போய்ச் சாப்பிடும். அக்கா புட்டு மூடி வச்சிருக்கிறா. நாளைக்கு விடியப் போகவேணும், ஓட்டோக்காரருக்குச் சொல்லிப்போட்டன்."

குசினிக்குப் போனேன். புட்டு இன்னும் சூடாக இருந்தது. நின்றபடியே சாப்பிட்டேன்.